பழைய மசில் காருக்கு எந்த ரேடியேட்டர்? – வாசகர் கேள்வி பதில்

எஞ்சின் பிளாக்கில் பொறித்த எண்களைப் படிப்பது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பல, ரேடியேட்டரைப் பற்றியே கேட்கின்றன. அதில் வியப்பில்லை. 1964 முதல் 1972 வரையிலான அமெரிக்க மசில் கார்களில் (பெரிய எஞ்சின் பொருத்திய வேகமான கார்கள்) எஞ்சினையும் கியர் பெட்டியையும் பொறுத்தவரை, அவை ஆலையில் பொருத்தியவைதாமா என்று பார்ப்பதற்கு ஓரளவு தெளிவான வழிகள் உண்டு. ரேடியேட்டரோ கசிந்தாலும் அடைத்துக்கொண்டாலும் முன்பக்கம் இடிபட்டாலும் யோசனையின்றிக் கழற்றி மாற்றப்பட்ட உறுப்பு. ஒரே மாடலுக்கு ஒரே ஆண்டில் பல வகைகளில் வந்த உறுப்பும் அதுவே. வந்த கேள்விகளில் பிறருக்கும் பயன்படக்கூடியவற்றைத் தேர்ந்து இங்கே விடையளிக்கிறோம்.

கேள்வி: 1970ஆம் ஆண்டு டாட்ஜ் சாலஞ்சர் ஆர்/டி ஒன்றை வாங்கியிருக்கிறேன். 383 கன அங்குல எஞ்சின், தானியங்கி கியர். காரில் இப்போது 22 அங்குல ரேடியேட்டர் இருக்கிறது. ‘ஆர்/டி என்றால் 26 அங்குலம்தான் சரி’ என்று சொல்லி, ஒரு விற்பனையாளர் அதிக விலைக்கு ஒன்றைத் தர முன்வருகிறார். வாங்கலாமா? – மிச்சிகனிலிருந்து ஒரு வாசகர்

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். மாடலின் பெயரை மட்டும் வைத்து ரேடியேட்டரை முடிவு செய்ய முடியாது. டாட்ஜ் கார்களைச் செய்த கிரைஸ்லர் நிறுவனம் அக்காலத்தில் எஞ்சின், கியர் பெட்டி, ஏ.சி., பின் அச்சின் பல்விகிதம், கூடுதல் குளிர்விப்பு ஆகிய அனைத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் ரேடியேட்டரை ஒதுக்கியது. ஆகவே 383 எஞ்சினுடன் ஒரே வாரத்தில் ஆலையை விட்டு வெளிவந்த இரண்டு ஆர்/டி கார்களில் ஒன்றில் 22 அங்குல ரேடியேட்டரும் மற்றொன்றில் 26 அங்குல ரேடியேட்டரும் இருந்திருக்கலாம், இரண்டும் சரியானவையே. (இங்கே அங்குலம் என்பது கோரின், அதாவது தண்ணீர்க் குழாய்கள் அடங்கிய நடுப்பகுதியின் அகலம், ஏறத்தாழ 56 செ.மீ., 66 செ.மீ. என்று கொள்ளுங்கள்.)

உங்கள் காருக்கு எது என்பதை முதலில் காரிடமே கேட்க வேண்டும். பானெட்டைத் திறந்தால் ஓட்டுநர் பக்கத்து (அமெரிக்கக் கார்களில் இடப்பக்கம்) உள் ஃபெண்டரில் திருகாணிகளால் பொருத்திய சிறு உலோகத் தகடு இருக்கும். அதைக் கீழ்வரியிலிருந்து மேல்நோக்கி, ஒவ்வொரு வரியையும் இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். மேல் வரிகளில் தனியாக ‘26’ என்று பொறித்திருந்தால் அது 26 அங்குல ரேடியேட்டரைக் குறிக்கும். ‘என்51’ என்பது உச்சக் குளிர்விப்புப் பொதி (சேர்த்து விற்ற உறுப்புத் தொகுப்பு). ‘ஏ36’ என்ற செயல்திறன் அச்சுப் பொதியைக் கேட்டு வாங்கியவருக்கும் 3.55 பல்விகிதப் பின் அச்சுடன் 26 அங்குல ரேடியேட்டர் சேர்ந்தே வந்தது. கியர் தாழ்ந்தால் அதே வேகத்தில் எஞ்சின் கூடுதலாகச் சுற்றும், கூடுதலாகச் சூடேறும் என்பதுதான் அதற்குக் காரணம். இவற்றுள் எதுவுமே தகட்டில் இல்லையென்றால், உங்கள் காரில் இப்போதிருக்கும் 22 அங்குல ரேடியேட்டரைக் கழற்ற வேண்டிய அவசியம் இராது.

தகட்டை மட்டும் நம்பி நிற்பதும் சரியன்று. இத்தகைய தகடுகளைப் புதிதாக அச்சடித்துத் தருபவர்கள் இருக்கிறார்கள். தகடு தொலைந்த காருக்கு மாற்றுத் தகடு செய்வது குற்றமன்று என்றாலும், இல்லாத பொதியை அதில் சேர்த்துக்கொள்வோரும் உண்டு. எனவே இரண்டாவது சாட்சியாக, ரேடியேட்டரைத் தாங்கும் முன்பக்கத் தகட்டுச் சட்டத்தைப் பாருங்கள். 22 அங்குல ரேடியேட்டருக்கான சட்டத்தின் திறப்பும் 26 அங்குலத்துக்கான திறப்பும் வெவ்வேறு அகலம் கொண்டவை. பிற்காலத்தில் பெரிய ரேடியேட்டரை வைக்க விரும்பியவர்கள் சிறிய திறப்பின் ஓரங்களை வெட்டி அகலப்படுத்தியிருக்கிறார்கள். அப்படி வெட்டிய ஓரம் ஆலை அச்சில் மடித்த ஓரத்தைப் போல் சீராக இராது. பெயின்டைச் சுரண்டிப் பார்த்தால் அரத்தின் தடமோ வெல்டிங் மேடோ தென்படும். சட்டமே வேறு காரிலிருந்து வந்ததா என்ற ஐயம் எழுந்தால், அதன் மேற்புறத்தில் பொறித்த எண்ணைத் தேடுங்கள். காரின் அடையாள எண்ணின் ஒரு பகுதியை அச்சட்டத்தில் பொறிப்பது அந்நிறுவனத்தின் அக்கால வழக்கம். அந்த எண் உங்கள் காருடன் ஒத்துப்போய், திறப்பும் வெட்டப்படாமல் 22 அங்குல அளவிலேயே இருக்குமானால், விற்பனையாளருடன் வாதிட உங்களுக்கு வேறு சான்று தேவையில்லை.

மூன்றாவதாக, ஆலையில் காரைப் பூட்டும்போது எந்த உறுப்பைப் பொருத்துவது என்று தொழிலாளர்கள் பார்த்த விவரத்தாள். இருக்கையின் சுருள்வில்களுக்கு இடையிலும், கையுறைப் பெட்டியின் மேற்புறத்திலும் இது மறைந்து கிடப்பது வழக்கம். இருக்கை உறையை மாற்றக் கொடுக்கும்போது, பழைய பஞ்சையும் துணியையும் எறிவதற்கு முன் தையல்காரரிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

இவை முடிந்த பிறகே ரேடியேட்டரின் மேல் தொட்டியில் பொறித்த உறுப்பு எண்ணுக்கு வர வேண்டும். எண்ணிலிருந்து தொடங்கிக் காருக்கு வருவதே பலர் செய்யும் தவறு. டீலர்களுக்காக அச்சான உதிரிப்பாகப் பட்டியலில் ஓர் எண் உங்கள் காருக்கு எதிரே இருக்கிறது என்றால், பட்டியல் அச்சான காலத்தில் அந்தக் காருக்கு மாற்றாக விற்கப்பட்டது அது என்றுதான் பொருள். பின்னாளில் நிறுவனங்கள் மூன்று நான்கு வகைகளை ஒன்றாக்கிப் புதிய எண் கொடுத்துவிடும். பழைய எண்கள் பட்டியலிலிருந்தே மறைந்துவிடும். ஆகவே நிறுவனத்தின் சொந்த எண்ணும் முத்திரையும் தாங்கிய, சந்தேகத்துக்கு இடமில்லாத அசல் ரேடியேட்டர்கூட, உங்கள் கார் ஆலையை விட்டு வெளிவந்த நாளில் அதில் இருந்திருக்க முடியாத ஒன்றாக இருக்கலாம்.

தேதியையும் ஒப்பிட வேண்டும். ஃபெண்டர் தகட்டில் காரின் உத்தேசத் தயாரிப்பு நாள் மூன்று குறிகளாக இருக்கும். சனவரி முதல் செப்டம்பர் வரை 1 முதல் 9 வரையிலான எண்கள். அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு ஏ, பி, சி. ‘சி16’ என்றால் டிசம்பர் 16. 1970 மாடல் கார்களின் தயாரிப்பு 1969 ஆகஸ்டிலேயே தொடங்கிவிட்டது. எனவே ரேடியேட்டரில் 1969 என்று இருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். காரின் நாளுக்குச் சில வாரங்கள் முந்தியது என்றால் மகிழலாம், சில மாதங்கள் முந்தியது என்றால் ஏற்கலாம். காரை உண்மையில் செய்து முடித்த நாளுக்கு ஒரே ஒரு வாரம் பிந்தியிருந்தாலும் அது அந்தக் காரில் பிறகு வந்து சேர்ந்ததே.

இன்னொன்று: 1970 மாடலில் 318, 340 எஞ்சின்களின் தண்ணீர்ப் பம்பில் கீழ் ஹோஸ் சேரும் வாய் ஓட்டுநர் பக்கம் இருக்கிறது, 383, 440 எஞ்சின்களில் அது பயணியின் பக்கம். ‘சாலஞ்சருக்கானது’ என்று மட்டும் எழுதி விற்கும் ரேடியேட்டரின் கீழ்க்குழாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: என்னிடம் 1970 ஷெவர்லே ஷெவல் எஸ்எஸ் 396 உள்ளது, நான்கு கியர் மேனுவல். ரேடியேட்டரில் ஹாரிசன் என்ற பெயர் புடைப்பாக இருக்கிறது. ஆனால் தானியங்கி கியருக்கான எண்ணெய்க் குழாய் இணைப்புகளும் அடைத்த நிலையில் இருக்கின்றன. இது ஆலையில் வந்ததா? – டொரொன்டோவிலிருந்து ஒரு வாசகர்

பதில்: பெரும்பாலும் இல்லை. நீங்கள் கண்ட அந்த அடைப்புகள்தாம் முக்கியத் தடயம். தானியங்கி கியர் பெட்டியின் எண்ணெயைக் குளிர்விக்க ரேடியேட்டரின் தொட்டிக்குள் ஒரு சிறு குளிர்விப்பான் இருக்கும். அது ஆலைக்குச் செலவு. மேனுவல் காருக்குத் தேவையில்லாத செலவை, ஷெவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் செய்திருக்காது. கடைகளுக்கு அனுப்பும் மாற்று உறுப்பில் கணக்கு வேறு. இரு வகைக் கார்களுக்கும் ஒரே ரேடியேட்டரைச் செய்து, மேனுவல் காருக்கு வாங்குபவர் இணைப்புகளை அடைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவது சரக்கு வைப்பதற்கு எளிது.

ஹாரிசன் என்ற பெயர் உங்களை ஏமாற்றிவிடக் கூடாது. நியூயார்க் மாநிலத்தின் லாக்போர்ட் நகரில் 1910இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை பின்னர் ஜெனரல் மோட்டார்ஸின் ரேடியேட்டர் பிரிவாயிற்று. ஆலைக்கு அனுப்பியதும் அதுதான், டீலர் கிடங்குக்கு அனுப்பியதும் அதுதான். ஆகவே பெயர், தயாரிப்பாளரைச் சொல்லுமேயன்றிக் காரைச் சொல்லாது. காரைச் சொல்வது தொட்டியில் ஒட்டிய சிறு உலோகச் சீட்டு. அதில் எழுத்துக் குறியீடும் உறுப்பு எண்ணும் இருக்கும். சீட்டு விழுந்துவிட்டிருந்தால் அது இருந்த இடத்தில் தடம் எஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். இந்தச் சீட்டுகளும் இன்று புதிதாகக் கிடைக்கின்றன என்பதால், பளபளக்கும் சீட்டு பழைய பெயின்டின் மேல் உட்கார்ந்திருந்தால் அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டாம்.

நீங்கள் கனடாவில் இருப்பதால் ஒரு வசதி உண்டு. அங்கே விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு, கனடா நிறுவனத்தின் பழைய வாகனச் சேவைப் பிரிவு ஆவணங்களைத் தந்து வந்திருக்கிறது. அமெரிக்காவில் ஷெவர்லே உரிமையாளர்களுக்கு அத்தகைய பேறு இல்லை. அதே நிறுவனத்தின் பான்டியாக் கார் உரிமையாளர்களுக்குத்தான் தனி ஆவணச் சேவை உண்டு. ஆவணம் கிடைத்தால் ‘வி01’ என்ற கனரக ரேடியேட்டர் விருப்பமும் ‘சி60’ என்ற ஏ.சி.யும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். ரேடியேட்டரின் உறுப்பு எண் அதில் இராது. அதைத் தேடி ஏமாற வேண்டாம். வாகனத்தில் எந்த விருப்பங்கள் இருந்தன என்று அறிந்தபின், அதே விருப்பங்களுடன் அதே ஆலையில் அதே மாதங்களில் உருவாகி, முதல் உரிமையாளரிடமே இருந்து வந்த கார்களின் சீட்டுகளோடு ஒப்பிடுவதே நம்பகமான வழி. ஆலை, மாதம் இரண்டையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம், ஒரு மாடல் ஆண்டின் நடுவிலேயே உறுப்புகள் மாறியதுண்டு. உங்கள் காரின் பெயரே அதற்குச் சான்று: 1970இல் முகப்பில் 396 என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருந்த எஞ்சின் 402 கன அங்குலம்.

கேள்வி: 1969 ஃபோர்டு மஸ்டாங், 428 கோப்ரா ஜெட் எஞ்சின். ரேடியேட்டரில் உள்ள எண் ‘சி8’ என்று தொடங்குகிறது. 1968 காரின் ரேடியேட்டரை யாரோ மாற்றிவிட்டார்களா? – நியூஜெர்சியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: அப்படி இருக்க வேண்டியதில்லை. ஃபோர்டின் எண் முறையில் முதல் எழுத்து பத்தாண்டையும் (சி என்றால் 1960கள், டி என்றால் 1970கள்), அடுத்த இலக்கம் அந்தப் பத்தாண்டில் எந்த ஆண்டு என்பதையும் சொல்லும். இது உறுப்பை வடிவமைத்த ஆண்டே தவிர, செய்த ஆண்டன்று. 1968க்கென வடிவமைத்த ஓர் உறுப்பு மாற்றமின்றி 1969இலும் தொடர்ந்தால் பழைய எண்ணோடுதான் வரும். மாறாக, 1969 சனவரியில் உருவான காரில் ‘டி0’ என்று தொடங்கும் ரேடியேட்டர் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

மூன்றாம் எழுத்து எந்த வரிசைக் காருக்காக முதலில் வடிவமைத்தது என்பதைக் காட்டும்: இசட் என்றால் மஸ்டாங், ஓ என்றால் ஃபேர்லேன் குடும்பம். மஸ்டாங்கில் ஓ எழுத்துள்ள உறுப்புகள் பல உண்டு, அதில் பிழையில்லை. உங்கள் கவனம் நான்காம் எழுத்தில் நிலைக்கட்டும். அது இசட் என்றால், அந்த எண் சேவைப் பிரிவின் வழியே விற்ற மாற்று உறுப்புக்கு உரியது. நடுவில் வரும் 8005 என்பது ஃபோர்டின் எல்லா ரேடியேட்டர்களுக்கும் பொதுவான அடிப்படை எண். அதைக் கண்டு ‘எண் ஒத்துவிட்டது’ என்று மகிழ்ந்துவிடாதீர்கள்.

அளவு விஷயத்தில் உங்கள் காருக்குக் குழப்பம் குறைவு. 1967 முதல் 1970 வரையிலான மஸ்டாங்குகளில் 20 அங்குலம், 24 அங்குலம் என இரு அகலங்கள் வந்தன. 428க்கு 24 அங்குலமே உரியது. 3.91 அல்லது 4.30 பல்விகித அச்சுடன் டிராக் பேக் (நேர்கோட்டுப் பந்தயத்துக்கான பொதி) விருப்பம் கேட்ட கார்களுக்கு, ரேடியேட்டருக்கு முன்னால் எஞ்சின் எண்ணெய்க்கான தனிக் குளிர்விப்பானும் உண்டு. 1967 முதலான ஃபோர்டு கார்களுக்கு, நிறுவனத்தின் தயாரிப்புத் தரவுகளிலிருந்து எடுத்துத் தரும் மார்ட்டி அறிக்கை கிடைக்கும். அதில் அச்சு விகிதமும் டிராக் பேக்கும் தெளிவாக இருக்கும். எண்ணெய்க் குளிர்விப்பான் உங்கள் காரில் இருந்து, அறிக்கையில் டிராக் பேக் இல்லையென்றால், முன்பக்கத்தில் வேறு என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்பதையும் நிதானமாகப் பாருங்கள்.

கேள்வி: இவ்வளவு தேடுவதற்குப் பதில் புதிய அலுமினிய ரேடியேட்டர் போட்டால் காரும் நன்றாகக் குளிரும், செலவும் குறையும் அல்லவா? – சென்னையிலிருந்து ஒரு வாசகர்

பதில்: காரை ஓட்டி மகிழ்வதற்காக மட்டும் வைத்திருப்பவருக்கு உங்கள் யோசனை முற்றிலும் சரி, அவரை யாரும் குறை சொல்லக் கூடாது. போட்டிக் காட்சிக்குக் கொண்டு செல்பவரின் நிலை வேறு. ஆனால் அலுமினியம் என்றாலே பிற்காலத்தது என்று எண்ண வேண்டாம். 1960களின் ஷெவர்லே கார்வெட்டுகள் சிலவற்றில் ஹாரிசன் செய்த அலுமினிய ரேடியேட்டர் ஆலையிலேயே வந்தது. அதில் உறுப்பு எண்ணும் தயாரிப்புக் காலமும் பொறித்திருக்கும். அத்தகைய கார்வெட்டில் செம்புக் கோர் ரேடியேட்டரைப் பொருத்தி ‘பழமையானது’ என்று காட்டினால், தேசிய கார்வெட் மீட்பாளர் சங்கத்தின் நடுவர்கள் மதிப்பெண்ணைக் குறைக்கவே செய்வார்கள்.

கேள்வி: என் காருக்கு உரிய சரியான தேதியுள்ள ரேடியேட்டர் கிடைத்துவிட்டது. ஆனால் கோர் அழுகிவிட்டது. கோரை மாற்றினால் அசல் தன்மை போய்விடுமா? – டெக்சாஸிலிருந்து ஒரு வாசகர்

பதில்: போகாது. செம்பு–பித்தளை ரேடியேட்டரின் சிறப்பே அது பிரித்துப் பூட்டக் கூடியது என்பதுதான். எண்ணும் தேதியும் பித்தளைத் தொட்டியில் அல்லது அதில் ஒட்டிய சீட்டில் இருக்கின்றன. ஈயப் பற்றை உருக்கித் தொட்டிகளையும் பக்கச் சட்டங்களையும் பிரித்தெடுத்து, புதிய கோரில் மீண்டும் பற்றவைத்துவிடலாம். மதிப்புமிக்க கார்களின் உரிமையாளர்கள் செய்வதும் இதையே.

ஆனால் பட்டறைக்காரரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டியவை உண்டு. குழாய் வரிசை இரண்டா, மூன்றா, நான்கா என்பதோடு, குழாய்களுக்கு இடைப்பட்ட தூரமும், ஓர் அங்குலத்துக்கு எத்தனை ஃபின் (வெப்பத்தை வெளியேற்றும் மெல்லிய தகடு) என்பதும் பழையதை ஒத்திருக்க வேண்டும். முன்னால் நின்று கிரில் வழியாகப் பார்ப்பவர் கண்ணுக்கு வரிசை எண்ணிக்கை தெரியாது. ஃபின்களின் நெருக்கமும் வடிவமும்தான் தெரியும். இன்றைய கோர்களில் ஃபின்கள் நெருக்கமாக இருப்பதால் அங்கேதான் மாற்றம் அம்பலமாகும். பழைய கோரின் ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொண்டு அதனுடன் ஒப்பிட்டு வாங்கச் சொல்லுங்கள். உலோகச் சீட்டு இருந்தால் கொதிக்கும் காரத் தொட்டியில் இறக்குவதற்கு முன்பே கழற்றி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பொறித்த எண்ணின் மேல் மணல் பீய்ச்சவும், அருகிலுள்ள நெளிவைச் சுத்தியால் தட்டி நிமிர்த்தவும் அனுமதிக்காதீர்கள். மழுங்கிய எண்ணைத் திரும்பப் பொறித்தால், உண்மையான ரேடியேட்டரே போலிபோல் தோன்றும்.

வேலை முடிந்ததும் காற்றழுத்தச் சோதனையை உங்கள் கண்ணெதிரே செய்து காட்டச் சொல்லுங்கள். சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில் தண்ணீரின் கொதிநிலை ஏறத்தாழ 121 டிகிரி செல்சியஸுக்கு உயர்கிறது. அந்த அழுத்தத்தைத் தாங்காத பற்று, வெயிலில் போக்குவரத்து நெரிசலில் நிற்கும்போதுதான் விட்டுக்கொடுக்கும். பெயின்டைப் பொறுத்தவரை, ஓரளவு மட்டுமே பளபளப்புள்ள கறுப்பு, மெல்லிய ஒரே பூச்சு போதும். கண்ணாடி போல் மின்னும்வரை அடுக்கடுக்காகப் பூசினால் ஆலை வேலைபோலவும் தெரியாது, ஃபின்களுக்கு இடையே பெயின்ட் தங்கி வெப்பம் வெளியேறுவதும் குறையும். ஈயப் பற்றுள்ள ரேடியேட்டருக்கு அக்காலத்துப் பச்சை நிறக் குளிர்விப்புத் திரவமே பொருத்தம். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: ஹோஸ் கவ்விகளையும் நடுவர்கள் பார்ப்பார்களா? – அதே வாசகர்

பதில்: பார்ப்பார்கள். கிரைஸ்லர் கார்களில் கம்பியை வளைத்துச் செய்த சுருள்வில் கவ்வி. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் திருகாணி கோபுரம் போல் எழுந்து நிற்கும் பட்டைக் கவ்வி. கடையில் கிடைக்கும் புழுப்பல் திருகுக் கவ்வி இரண்டுக்கும் பொருந்தாது. கிரைஸ்லர் கவ்வியைக் கழற்ற அதற்கென்றே உள்ள இடுக்கியைப் பயன்படுத்துங்கள்; சாதாரணக் குறடு வழுக்கினால் புதிதாகப் பற்றவைத்த பித்தளைக் கழுத்துத்தான் நசுங்கும்.